குனிவுக்கு ஒரு ஸ்பிரிங்: எக்ஸோ கருவி வாங்க நினைக்கும் சேலத்துக்காரர்களுக்கு

லீ பஜாரில் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் லோடுமேன் யாரிடமாவது முதுகுக்கு மாட்டும் எக்ஸோஸ்கெலிட்டன் ஒன்றைக் காட்டிப் பாருங்கள். "இத மாட்டிக்கிட்டா மூட்டைய எங்கீங்க வெக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பார்.

நியாயமான கேள்வி. நம் ஊரில் மூட்டை போவது முதுகில். தலையில் துண்டு, கையில் கொக்கி, பின்கழுத்துக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்த மூட்டை. அதே இடத்தில் ஒரு சட்டமும் இரண்டு ஸ்பிரிங்கும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் மூட்டை நிற்காது. விளம்பரப் படங்களில் வருபவர் அட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறார். நம் ஆட்கள் அப்படித் தூக்குவதில்லை. கிடங்கு, ஜவ்வரிசி ஆலை, லாரிப் பட்டறை, ஏற்காட்டுக் காபித் தோட்டம் என்று எங்கேயாவது இந்தக் கருவியை முயன்று பார்க்க நினைப்பவர்கள் காசைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலாளிக்கும் சொல்கிறேன், மாட்டப் போகிறவருக்கும் சொல்கிறேன்.

கருவி என்ன செய்கிறது

உடம்புக்கு வெளியே மாட்டிக்கொள்ளும் ஒரு சட்டம். சுருக்கமாக எக்ஸோ. ஸ்பிரிங், எலாஸ்டிக் பட்டை, கேஸ் ஸ்பிரிங் ஆகியவற்றை மட்டும் நம்பி வேலை செய்வது ஒரு வகை. பேட்டரி, மோட்டார், சென்சார் வைத்து வேலை செய்வது இன்னொரு வகை. எண்ணம் புதிதல்ல. நிக்கோலஸ் யாக்ன் என்ற ரஷ்யர் நடக்கவும் ஓடவும் உதவும் கருவி ஒன்றுக்கு 1890-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். 1960-களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 'ஹார்டிமன்' என்று ஒன்றைச் செய்தது. அதன் எடை ஏறக்குறைய 680 கிலோ. கருவியைத் தூக்கவே பத்துப் பேர் வேண்டும் போலிருந்தது! இன்றைய ஸ்பிரிங் வகைகள் ஒன்றரை கிலோவிலிருந்து மூன்று, நான்கு கிலோவுக்குள் அடங்கிவிடுகின்றன. 2018-ல் ஃபோர்டு நிறுவனம் உலகெங்கும் தன் 15 ஆலைகளில் தோளுக்கான எக்ஸோவை இறக்கியது. காருக்கு அடியில் நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி போல்ட் முடுக்குபவர்களுக்காக.

முதுகுக்கானது எப்படி உதவுகிறது என்பதை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். இது புரிந்தால் பாதிப் பணம் மிச்சம்.

குனியும்போது முதுகெலும்பின் அடிப்பகுதி அச்சாகிறது. முன்னால் இருக்கும் கனம் ஆளைக் கவிழ்க்கப் பார்க்கிறது. பின்னால், எலும்பை ஒட்டி ஓடும் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் தசை அச்சிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. கையில் இருக்கும் பொருளோ 40 சென்டிமீட்டர் முன்னால். கைப்பிடி குட்டையான கடப்பாரையால் பாறையை நெம்புகிற கதை. 20 கிலோ பொருளுக்குத் தசை 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதோடு முடியவில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இடுப்புக்கு மேலே உள்ள உடம்பே 30 கிலோவுக்குக் குறையாது. நன்றாகக் குனிந்தால் அதன் கனம் அச்சுக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் போய்விடும். அதைப் பிடித்து நிறுத்த இன்னொரு 150 கிலோ. ஆக 300 கிலோவைத் தாண்டிய இழுவை. அத்தனையும் முதுகெலும்பின் தட்டுகளை நசுக்கும் விசையாக இறங்குகிறது.

எக்ஸோவின் பட்டை முதுகுக்கு வெளியே ஓடுவதால் அச்சிலிருந்து தசையைவிடத் தள்ளி நிற்கிறது. அதனால் குறைந்த இழுவையிலேயே அதே நெம்பு கிடைக்கிறது. நெஞ்சையோ தோளையோ ஒரு பக்கமும் தொடையை மறுபக்கமும் பிடித்துக்கொண்டு, குனியும்போது விரிந்து, நிமிரும்போது அந்த விசையைத் திருப்பித் தருகிறது. ஆனால் எவ்வளவு? ஸ்பிரிங் வகைகள் பெரும்பாலும் 20 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை திருப்புவிசை தரும் (அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர்). மேலே சொன்ன 20 கிலோ கணக்கில், 5 சென்டிமீட்டர் தூரத்தில் 300 கிலோ இழுவை என்றால், தேவைப்படுவது ஏறக்குறைய 150. ஆக, 25 தரும் கருவி ஆறில் ஒரு பங்கைத்தான் சுமக்கும். வெறுங்கையோடு குனிந்து நிற்பவருக்குத் தேவைப்படுவது 75; அவருக்கு அதே கருவி மூன்றில் ஒரு பங்கைச் சுமந்துவிடும். 50 கிலோ மூட்டைக்கு? சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சாது.

அதனால்தான் சொல்கிறேன்: எக்ஸோ கனத்துக்கான கருவி அல்ல, குனிவுக்கான கருவி. லோடுமேனைவிட, களத்தில் ஜவ்வரிசி கிளறுபவருக்கும், காபிச் செடிக்கு அடியில் உதிர்காய் பொறுக்குபவருக்கும், களை எடுப்பவருக்கும் அதிகம் உதவக்கூடியது. விற்பவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். ஆய்வுக்கூடச் சோதனைகளில் முதுகுத்தசையின் உழைப்பு 10 முதல் 40 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. அது தசையின் சோர்வைப் பற்றிய எண். மாட்டியவருக்குப் பல ஆண்டுகளில் முதுகுக் காயம் குறைந்தது என்று காட்டும் நீண்டகாலச் சான்று இன்னும் வலுவாக இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மெடிக்கல் கடையில் தொங்கும் இடுப்பு பெல்ட் வேறு சரக்கு. அதில் ஸ்பிரிங் இல்லை, நெம்பும் இல்லை. அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடைத் தொழிலாளர்களிடம் செய்து 2000-ல் வெளியான ஆய்வில், பெல்ட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் முதுகுக் காயத்தில் வேறுபாடு தென்படவில்லை.

முதல் படி: வேலையை ஒரு நாள் வேடிக்கை பாருங்கள்

கேட்லாக்கைத் திறக்காதீர்கள். போனை எடுத்துக்கொண்டு போய், பக்கவாட்டில் நின்று, வேலையைப் படமெடுங்கள் (அவர்களிடம் சொல்லிவிட்டு). பிறகு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முதுகு எத்தனை முறை குனிகிறது, குனிந்தபடியே எவ்வளவு நேரம் நிற்கிறது, கை தோளுக்கு மேலே போகிறதா, இடுப்பு திருகுகிறதா என்று எழுதுங்கள். அப்புறம் ஒரு தாளில் மனித உருவம் வரைந்து, மாலையில் எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொருவரையும் குறி போடச் சொல்லுங்கள்.

மூட்டை இறக்கும் இடத்தில் பார்த்தால் ஒன்று தெரியும். சுமந்து நடப்பவர் ஏறக்குறைய நிமிர்ந்துதான் போகிறார். கனம் முதுகெலும்புக்கு நேர்மேலே அல்லது ஒட்டியே இருக்கிறது. அவருக்கு எக்ஸோ எதுவும் செய்யாது. லாரித் தட்டில் நின்று மூட்டையின் இரு காதையும் பிடித்து இழுத்து அவர் முதுகில் ஏற்றிவிடும் இருவரும், கிடங்கில் கீழ்வரிசை அடுக்குபவரும்தான் ஒவ்வொரு மூட்டைக்கும் குனிகிறார்கள். கருவிக்கு இடம் இருந்தால் அவர்களிடம்தான்.

இரண்டாம் படி: கருவி இல்லாமலே எவ்வளவு குறைக்கலாம்

என் கணிப்பில் பாதி இடங்கள் இந்தப் படியிலேயே நின்றுவிடலாம்.

கையால் தூக்குவதற்கான எடைக் கணக்கில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1991-ல் திருத்திய சூத்திரம். எல்லாம் சாதகமாக இருந்தால், அதாவது பொருள் உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில், திருகாமல், எப்போதாவது தூக்கினால் 23 கிலோ. அதே பொருள் தரையில், அரை மீட்டர் தள்ளி இருந்தால் கணக்கு 9 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இடமும் உயரமும் மாறினாலே பாதிக்கு மேல் போய்விடுகிறது, கவனியுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1967-ஆம் ஆண்டுப் பரிந்துரை, ஓர் ஆண் சுமக்கும் உச்ச எடை 55 கிலோ என்கிறது. நாம் இருப்பதோ ஜவ்வரிசி விலையை 90 கிலோ மூட்டைக் கணக்கில் பேசும் ஊரில். அந்த இடைவெளியை எந்த ஸ்பிரிங்கும் நிரப்பாது.

ஆகவே முதலில் செலவழிக்க வேண்டியது மூட்டையின் அளவைக் குறைக்க, லாரித் தட்டின் உயரத்துக்கு ஒரு மேடை கட்ட, டிராலி வாங்க, அடுக்கின் அடிவரிசைக்குக் கீழே மரச்சட்டம் போட்டு உயர்த்த. களத்தில் கிளறும் பலகையின் கைப்பிடி குட்டையாக இருந்தால் நீளமாக்குங்கள். ஒரு மூங்கில் கழி செலவு. தோட்டத்தில் காபிப் பழ மூட்டையைச் சரிவில் மேலே ஜீப் பாதைக்குச் சுமப்பதற்குப் பதில், எடை போடும் இடத்தைக் கீழ்ப்பாதைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்து குனிந்து பற்றவைப்புப் பொடி வைப்பவருக்கும், குழித்தறி நெசவாளிக்கும் எக்ஸோ பற்றி யோசிக்கவே வேண்டாம். அங்கே பலகை உயரமும் வெளிச்சமும்தான் பிரச்சினை.

மூன்றாம் படி: யார் மாட்டக் கூடாது

வலி முதுகிலேயே நிற்காமல் பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்கினால், காலில் மரத்துப்போனால், பாதத்தைத் தூக்க முடியாமல் இழுபட்டால், அது வெறும் தசைப்பிடிப்பு இல்லை. டாக்டரைப் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள். தொடைகளுக்கு இடையே மரத்துப்போய், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போனால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'நாளைக்குப் பாக்கலாம்' என்பது அங்கே ஆபத்து. குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றிலோ முதுகிலோ அறுவை நடந்தவர்கள், கர்ப்பிணிகள், பட்டை அழுத்தும் இடத்தில் புண் உள்ளவர்கள் விலகியிருக்கட்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் மோட்டார் வகையைத் தொடும் முன் இதய மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே வலி உள்ளவருக்கு மாட்டிவிட்டு, அதே வேலையை அதே வேகத்தில் வாங்குவது வைத்தியம் ஆகாது.

நான்காம் படி: எந்த வகை

குனிவு அதிகம் என்றால் முதுகு எக்ஸோ. கை தலைக்கு மேலேயே இருக்கும் வேலை என்றால் தோள் எக்ஸோ. பட்டறைக் குழிக்குள் நின்று லாரிக்கு அடியில் வேலை பார்ப்பவர், கூரைக்கு வயரிங் இழுப்பவர், மேல்தளத்துக்கு பெயின்ட் அடிப்பவர் இதற்குப் பொருத்தமானவர்கள். என்னைக் கேட்டால் சேலத்தில் முதலில் முயல வேண்டியது லாரிப் பட்டறைதான். கையும் ஸ்பேனரும் மட்டும் கனம், நடமாட்டம் குறைவு, பேன்ட் போட்ட ஆட்கள். எல்லாம் கூடி வருகிறது.

மோட்டார் வகை வேண்டுமா? பெரும்பாலான இடங்களுக்கு வேண்டாம். கனம் அதிகம், சார்ஜ் போட வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், மழையும் தூசியும் ஆகாது. ஸ்டார்ச் ஆலையில் இன்னொரு சங்கதி இருக்கிறது: காற்றில் பறக்கும் நுண்ணிய மாவு தீப்பற்றும், மூடிய இடத்தில் வெடிக்கவும் செய்யும். அப்படிப்பட்ட இடத்துக்கென்று சான்று பெறாத பேட்டரிக் கருவியை உள்ளே கொண்டுபோகவே கூடாது.

ஸ்பிரிங் வகையிலும் துணியும் எலாஸ்டிக்கும் மட்டும் கொண்ட மென்மையான சட்டை உண்டு, உலோகச் சட்டம் உள்ளதும் உண்டு. சட்டம் உள்ளது கூடுதல் விசை தரும்; ஆனால் அடுக்குகளுக்கு இடையே உள்ள சந்தில் நுழைந்தால் இடிக்கும்.

ஐந்தாம் படி: உடை, அளவு

இதை எந்தக் கையேட்டிலும் பார்க்க மாட்டீர்கள். கருவியின் கீழ்ப்பகுதி தொடையைப் பிடிக்க வேண்டும். மடித்துக் கட்டிய லுங்கியில் பிடிக்காது. வழுக்கி மேலே ஏறி, துணியைச் சுருட்டிக்கொண்டு போகும். டவுசரோ டிராக் பேன்ட்டோ வேண்டும். தோட்டத்தில் பெண்கள் புடவை மேல் ஆண் சட்டை போட்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். புடவைக்கு மேல் தொடைப்பட்டை உட்காராது. சுடிதார் பேன்ட் போட அவர்களுக்குச் சம்மதமா என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள், மேஸ்திரியிடம் அல்ல. உடை மாற்ற ஒரு மறைவிடமும் வேண்டும். நெஞ்சில் அழுத்தும் தகடு உள்ள மாடல்கள் பெண்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. தோள்பட்டை வார் உள்ளதாகப் பாருங்கள்.

அளவு பார்ப்பது இப்படி. இடுப்புப் பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். வாருக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். மாட்டியதும் பத்து முறை குனிந்து நிமிர்ந்து, குந்தி உட்கார்ந்து, நாலு படி ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வார் இடம் நகர்ந்தால் அளவு தவறு. 'ஒரே அளவு, எல்லாருக்கும் பொருந்தும்' என்றால் யாருக்கும் சரியாகப் பொருந்தாது.

ஆறாம் படி: முதல் இரண்டு வாரம்

முதல் நாளே முழு ஷிப்ட் மாட்டாதீர்கள். அரை மணி நேரம், ஒரே ஒரு வேலைக்கு. மறுநாள் ஒரு மணி. இரண்டு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டி, குனிவு அதிகமுள்ள வேலை நேரத்துக்கு மட்டும் கொண்டுவந்து நிறுத்துங்கள். சாப்பாட்டுக்கும் டீக்கும் கழற்றிவிட வேண்டும்.

ஒவ்வொரு நாளும் மாட்டியபோதும் மாட்டாதபோதும் சிரமம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேளுங்கள். பூஜ்யம் சிரமமே இல்லை, பத்து இனிமேல் முடியாது. முதுகுக்குத் தனியாக, தொடைக்குத் தனியாக, நெஞ்சுக்குத் தனியாக. முதுகின் எண் இறங்கி, தொடையின் எண் ஏறினால் பாரம் தொலையவில்லை, குடி மாறியிருக்கிறது. பட்டை இருந்த இடத்தில் தோல் சிவந்து, கழற்றி அரை மணி கழித்தும் போகாவிட்டால் அளவைத் திருத்துங்கள். ஏப்ரல், மே மாதச் சேலத்து வெயிலில் உடம்பில் இன்னொரு அடுக்கு மாட்டுவது சாதாரணமில்லை. தண்ணீர் கூடுதலாகக் கொடுங்கள், மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மாட்டாமல் விடுங்கள்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு ஆள் தானாக எடுத்து மாட்டுகிறாரா என்று பாருங்கள். மூலையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தால் அதுவே பதில். வற்புறுத்த வேண்டாம்.

மலையில்

சேர்வராயன் மலைத் தோட்டங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சமதளத்தில் சோதித்த கருவி சரிவில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். முதுகு எக்ஸோவின் ஸ்பிரிங்குக்குக் குனிவதற்கும் காலைத் தூக்குவதற்கும் வேறுபாடு தெரியாது. தொடை மேலே வந்தால் அதைக் கீழே தள்ளும். ஏற்றத்தில் ஒவ்வொரு அடிக்கும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். இறக்கத்தில் தடுமாறினால் உடம்பைச் சட்டென வளைத்துச் சமாளிக்கவும் விடாது. ஸ்பிரிங்கைத் தற்காலிகமாக விடுவிக்கும் கிளட்ச் உள்ள மாடலாக இருந்தால் மட்டும் மலைக்கு எடுத்துப் போங்கள். நடக்கும்போது விடுவித்து, செடியருகே நின்றதும் பூட்டிக்கொள்ளலாம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பழம் பறிப்பில் பெரும்பாலும் நின்றபடியே கிளையை வளைத்துப் பறிக்கிறார்கள். அங்கே வலிப்பது கழுத்தும் தோளும். முதுகு எக்ஸோவுக்கு வேலையில்லை. பறிப்பு முடிந்து, உதிர்ந்த காயில் தங்கும் காய்த்துளைப்பான் வண்டுக்குப் பயந்து உதிர்காய் பொறுக்கும்போதும், களத்தில் காயும் கொட்டையைக் கிளறி அள்ளும்போதும்தான் அது பயன்படும். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிப்பவருக்கு எதையும் மாட்டிவிடாதீர்கள். ஒரு வார் கிளையில் சிக்கினால் போதும்.

கூலி

மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் கருவி வந்ததும் முதலில் மாறுவது எண்ணிக்கை. 'சோர்வு தெரியலையே, இன்னும் அம்பது மூட்டை போடு' என்று வந்துவிடும். தசைக்கு மிச்சமான உழைப்பை அப்படியே திரும்ப உறிஞ்சிவிட்டால் முதுகுக்கு என்ன லாபம்? வாங்கும் முன்பே முதலாளியும் சங்கமும் உட்கார்ந்து மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: மூட்டை எண்ணிக்கை கூடாது, ஆள் எண்ணிக்கை குறையாது, மாட்ட மறுப்பவருக்கு வேலை மறுக்கப்படாது. செலவு தொழிலாளியின் தலையில் விழக் கூடாது என்பதையும் சேர்த்தால் நல்லது; வெளிநாட்டு மாடல்கள் பல மாதக் கூலியை விழுங்கும்.

விற்பவரிடம்

ஒரு வாரமாவது இடத்திலேயே வைத்துப் பார்க்கத் தருவாரா? எத்தனை நியூட்டன் மீட்டர், எந்தக் கோணத்தில்? எத்தனை அளவுகள் கையில் உண்டு? எலாஸ்டிக் தனியாகக் கிடைக்குமா, கோவையிலோ பெங்களூரிலோ இருந்து வர எத்தனை நாள்? ஆபத்தில் ஒரு கையால் கழற்ற முடியுமா? கடைசிக் கேள்விக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். கன்வேயர், பெல்ட் ஓடும் இயந்திரம் அருகே தொங்கும் வார்முனை எல்லாவற்றையும் உள்ளே மடித்துச் செருக முடியாத மாடல் வேண்டாம். 'இது இருந்தால் 50 கிலோவை அனாயாசமாகத் தூக்கலாம்' என்று ஒருவர் சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பராமரிப்பு

உடம்பில் படும் திண்டு ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. இரண்டு ஷிப்டுக்கு ஒரே திண்டு என்றால் அடுத்த வாரம் படை, சொறி எல்லாம் பொதுச்சொத்து. வியர்வை உப்பு எலாஸ்டிக்கை விறைக்க வைக்கும்; திண்டைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். மஞ்சள் மண்டியில் வேலை என்றால் ஸ்பிரிங் மூட்டுகளில் தூள் சேரும், ஈரத்துணி போடாமல் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஏற்காட்டில் மழைக்காலத்தில் ஈரத்தோடு பெட்டியில் பூட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அடுப்பங்கரைப் பக்கம் காற்றாடத் தொங்கவிடுங்கள், நெருப்புக்கு நேராக வேண்டாம். திங்கட்கிழமை தோறும் பட்டையை முழுக்க இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள், ஏனென்றால் அது அறுவது முழு இழுவையில், ஆள் முழுக்கக் குனிந்திருக்கும்போதுதான்.